கூலிக்குச் சட்டம் கண்ட பெண் மந்திரி

1911-ம் ஆண்டு மார்ச் மாதம் 25-ந் தேதி. சனிக்கிழமை மாலை. அமெரிக்காவில் உள்ள நியூயார்க் நகரம்.

வாஷிங்டன் சதுக்கத்துக்கு அருகே ஒரு வீட்டில் சில பெண்கள் தேநீர் அருந்திக்கொண்டிருந்தார்கள். திடீரென்று தெருவில் ஒரே கூச்சல். தீயணைக்கும் வண்டிகளின் மணியோசை. எல்லோரும் வெளியே ஓடி வந்தார்கள்.

சதுக்கத்துக்கு அந்தப் பக்கம் ஒரு பத்து மாடிக் கட்டிடம். அதன் மேல் மூன்று மாடிகளில், பெண்கள் அணியும் மேல்சட்டைகளைத் தைக்கும் தொழிற்சாலை இருந்தது. அது கொழுந்து விட்டு எரிந்துகொண்டிருந்தது.

உள்ளே இருந்தவர்கள் பெரும்பாலும் இளம் பெண்கள். கீழே இறங்க அவர்கள் கதவை நோக்கி ஓடினார்கள். கதவு பூட்டிக் கிடந்தது! தொழிலாளிகள் துணியைத் திருடிக்கொண்டு போய்விடுவார்கள் என்று பயந்து, முதலாளிகள் கதவைப் பூட்டி வைப்பது வழக்கம்.

தீயணைக்கும் படையினர் ஏணியை உயர்த்தினார்கள். அது ஆறாவது மாடி வரையில்தான் எட்டியது.

பெண்கள் ஜன்னல் விளிம்பில் வந்து நின்றார்கள். பின்னால் நெருப்பு. கீழே கல் பாவிய தெரு. ஒருவர் பின் ஒருவராகக் குதித்தார்கள்.

அன்று மாண்டவர்கள் 146 பேர். அவர்களில் 123 பேர் பெண்கள். இத்தாலியிலிருந்தும் கிழக்கு ஐரோப்பாவிலிருந்தும் பிழைப்புத் தேடி வந்த ஏழைகளே அதிகம். 14 வயதுச் சிறுமிகளும் அதில் உண்டு.

இந்தக் கொடுமையைத் தெருவில் நின்று பார்த்தவர்களில் ஒருவர், தேநீர் விருந்துக்கு வந்திருந்த 30 வயதுப் பெண். அவர் பெயர் பிரான்சஸ் பெர்கின்ஸ். பிற்காலத்தில் அமெரிக்காவின் முதல் பெண் மந்திரி ஆனவர் அவர்தான். இன்று அந்த நாட்டில் உள்ள குறைந்தபட்சக் கூலி, முதியோர் பென்ஷன், வேலை இழந்தோர் உதவித் தொகை ஆகியவற்றுக்கு வழி செய்தவரும் அவரே.

ஆலையைப் பார்த்த மாணவி

பிரான்சஸ் 1880-ம் ஆண்டு ஏப்ரல் 10-ந் தேதி பாஸ்டன் நகரில் பிறந்தார். தகப்பனார் காகிதம், எழுதுபொருள் வியாபாரம் செய்தவர். கஷ்டம் தெரியாத குடும்பம்.

ஏழைகள் ஏன் ஏழைகளாக இருக்கிறார்கள்? குடிப்பதாலும் சோம்பலாலும்தான் என்று அந்தக் குடும்பத்தில் பேசிக்கொள்வார்கள். சிறுமி பிரான்சசும் அப்படியே நம்பினார்.

மவுண்ட் ஹோலியோக் என்ற பெண்கள் கல்லூரியில் அவர் ரசாயனமும் பௌதிகமும் படித்தார். அங்கே பொருளாதார வரலாறு கற்பித்த ஓர் ஆசிரியை, மாணவிகளை அருகில் இருந்த ஆலைகளுக்கு அழைத்துச் சென்றார். வேலை எப்படி நடக்கிறது, கூலி எவ்வளவு என்று நேரில் பார்த்து எழுதி வரச் சொன்னார்.

பிரான்சஸ் பார்த்தார். காலை முதல் இரவு வரை பெண்கள் உழைத்தார்கள். குடியும் இல்லை, சோம்பலும் இல்லை. ஆனாலும் வறுமை இருந்தது. இயந்திரத்தில் ஒருவர் கை சிக்கினால், அன்றோடு அந்தக் குடும்பத்தின் வருமானம் நின்றது. நஷ்டஈடு என்ற பேச்சே கிடையாது.

வீட்டில் கேட்ட பாடம் அன்று அவர் மனத்தை விட்டு அகன்றது.

1902-ம் ஆண்டு பட்டம் பெற்றார். பிறகு சிகாகோ நகருக்கு அருகே ஒரு பெண்கள் பள்ளியில் ஆசிரியை ஆனார். ஓய்வு நேரங்களில், ஏழைகளுக்கு உதவும் ஹல் ஹவுஸ் என்ற இல்லத்துக்குப் போய்வந்தார். கூலி கொடுக்காமல் ஏமாற்றிய முதலாளிகளிடம் தொழிலாளிக்காக நேரில் சென்று வாதாடுவதும் அவர் செய்த வேலைகளில் ஒன்று.

1907-ம் ஆண்டு பிலடெல்பியா நகருக்குச் சென்றார். வேலை வாங்கித் தருவதாகச் சொல்லி, புதிதாக வந்த பெண்களை மோசம் செய்யும் தரகர்கள் அங்கே பலர் இருந்தார்கள். வெளிநாட்டிலிருந்து வந்த பெண்களும், தென் மாநிலங்களிலிருந்து வந்த கறுப்பினப் பெண்களும் அவர்களிடம் சிக்கினார்கள். சிலர் தீய வழியில் தள்ளப்பட்டார்கள். பிரான்சஸ் அந்தத் தரகர்களைத் தேடிப் பிடித்து, அவர்கள் தொழிலுக்கு முடிவு கட்டப் பாடுபட்டார்.

தர்மம் செய்வதால் ஒரு நாள் பசி தீரும். நியாயமான கூலி இருந்தால் வாரம் முழுவதும் அடுப்பு எரியும். இந்த உண்மையை அவர் அங்கேதான் கண்டுகொண்டார்.

கப்பலை விட்டு இறங்கிய ஓட்டு

நியூயார்க் நகரில் கொலம்பியா சர்வகலாசாலையில் மேல்படிப்பு முடித்தார். 1910-ம் ஆண்டு, பொருள் வாங்குவோர் நடத்திய ஒரு சங்கத்துக்குக் காரியதரிசி ஆனார். கொத்தடிமைபோல் வேலை வாங்கும் கூடங்களில் செய்த பொருளை வாங்கக் கூடாது என்று பிரசாரம் செய்த சங்கம் அது.

அந்தச் சங்கம் ஒரு சட்டம் கேட்டது. தொழிற்சாலைப் பெண்களிடம் வாரத்துக்கு 54 மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக் கூடாது என்பதே அந்தச் சட்டம். வாரம் ஆறு நாள் என்றால், நாளுக்கு ஒன்பது மணி நேரம்.

1912-ம் ஆண்டு மசோதா சட்டசபைக்கு வந்தது. கூட்டத்தின் கடைசி நேரம். பழம், காய்கறிகளை டப்பாவில் அடைக்கும் ஆலைகளுக்கு விலக்கு அளித்தால்தான் மசோதா நிறைவேறும் என்ற நிலை. விலக்கு அளித்தால், அங்கே உழைக்கும் பெண்களுக்குப் பயன் இல்லை. மறுத்தால், மற்றப் பெண்கள் சுமார் 4 லட்சம் பேருக்கும் பயன் இல்லை.

கலந்து பேச நேரம் இல்லை. பொறுப்பு முழுவதையும் பிரான்சஸ் தம் தலையில் போட்டுக்கொண்டார். விலக்குக்குச் சம்மதித்தார்.

அப்போதும் சில ஓட்டுகள் குறைந்தன. ஆதரவாளரான டிம் சல்லிவன் என்ற அரசியல்வாதி நியூயார்க்குக்குத் திரும்ப, இரவுக் கப்பலுக்குப் போய்விட்டார். அவருக்கு அவசரச் செய்தி பறந்தது. அவரும் அவருடைய உறவினரும் மேட்டுத் தெருவில் மூச்சு வாங்க ஓடி வந்து ஓட்டுப் போட்டார்கள். சட்டம் நிறைவேறியது.

சல்லிவன் நற்பெயர் எடுத்தவர் அல்ல. ஆனால் அவருடைய சகோதரி சிறு வயதிலேயே வேலைக்குப் போனவர். அந்தக் கஷ்டத்தை அவர் மறக்கவில்லை.

பனி மூடிய ஏணி

தீ விபத்துக்குப் பிறகு நியூயார்க் மாநில அரசாங்கம் தொழிற்சாலைகளை ஆராய ஒரு கமிஷன் அமைத்தது. ஆல் ஸ்மித், ராபர்ட் வாக்னர் ஆகிய சட்டசபைத் தலைவர்கள் அதில் முக்கியமானவர்கள். பிரான்சஸ் அந்தக் கமிஷனுக்காக வேலை செய்தார்.

அறிக்கை எழுதிக் கொடுப்பதோடு அவர் நிற்கவில்லை. தலைவர்களைக் கையோடு அழைத்துப் போனார்.

கயிறு திரிக்கும் ஆலையில் பத்து மணி நேர இரவு வேலை முடித்து, விடியற்காலையில் தள்ளாடி வெளியே வந்த பெண்களை ஸ்மித்துக்குக் காட்டினார். டப்பா ஆலையில் ஐந்து, ஆறு, ஏழு வயதுக் குழந்தைகள் அவரை உரிப்பதைக் காட்டினார். ஒரு தொழிற்சாலையில், தீப்பிடித்தால் தப்பும் வழி என்று சுவரில் ஒரு சிறு துவாரம் இருந்தது. வாக்னரை அதன் வழியே தவழ்ந்து போகச் செய்தார். வெளியே பனிக்கட்டி மூடிய இரும்பு ஏணி. அது தரைக்குப் பன்னிரண்டு அடி உயரத்திலேயே முடிந்துவிட்டது!

கண்ணால் கண்டபின் யார் மறுப்பார்கள்? கதவைப் பூட்டக் கூடாது, தப்பும் வழி வேண்டும், தீயணைப்புப் பயிற்சி வேண்டும் என்று அடுத்தடுத்துச் சட்டங்கள் வந்தன.

வீட்டில் வந்த சோதனை

1913-ம் ஆண்டு பால் வில்சன் என்பவரைப் பிரான்சஸ் மணந்தார். திருமணத்துக்குப் பிறகும் தம் பெயரை மாற்றிக்கொள்ளவில்லை. 1916-ம் ஆண்டு சூசனா என்ற பெண் குழந்தை பிறந்தது.

சில ஆண்டுகளுக்குள் பேரிடி விழுந்தது. கணவருக்கு மனநோய் கண்டது. நிலையாக ஒரு வேலையும் பார்க்க முடியவில்லை. அடிக்கடி வைத்தியசாலையில் இருக்கவேண்டி வந்தது.

கணவருக்கு வைத்தியம், மகளுக்குப் படிப்பு, குடும்பச் செலவு. எல்லாம் அவர் ஒருவரின் சம்பளத்தில் நடந்தாகவேண்டும். பெண் சம்பாதிப்பது கைச் செலவுக்குத்தானே என்று பலர் நினைத்த காலம் அது. அந்த எண்ணம் எவ்வளவு தவறு என்பதற்கு அவருடைய வீடே சாட்சி.

1919-ம் ஆண்டு, கவர்னராகிவிட்ட ஆல் ஸ்மித், மாநிலத் தொழில் கமிஷனில் அவருக்குப் பதவி அளித்தார். ஆண்டுச் சம்பளம் 8,000 டாலர். 1929-ம் ஆண்டு, அடுத்த கவர்னரான பிராங்ளின் ரூஸ்வெல்ட் அவரை மாநிலத் தொழில் துறைக்கே தலைவி ஆக்கினார்.

பதவி ஏற்குமுன் ஒரு பட்டியல்

1933-ம் ஆண்டு ரூஸ்வெல்ட் அமெரிக்காவின் ஜனாதிபதி ஆனார். நாடு முழுவதும் பயங்கரப் பொருளாதார நெருக்கடி. நாலில் ஒரு தொழிலாளிக்கு வேலை இல்லை. பாங்குகள் மூடிக் கிடந்தன.

பிரான்சஸ் தொழில் மந்திரியாக வேண்டும் என்று ரூஸ்வெல்ட் அழைத்தார். அதுவரை எந்தப் பெண்ணும் அமெரிக்க மந்திரி சபையில் இருந்ததில்லை. வேறு யாராக இருந்தாலும் உடனே தலையசைத்திருப்பார்கள்.

பிரான்சஸ் ஒரு பட்டியலோடு போனார். வாரத்துக்கு 40 மணி நேர வேலை. குறைந்தபட்சக் கூலி. குழந்தைத் தொழிலுக்கு முடிவு. வேலை இழந்தோருக்கு உதவித் தொகை. முதியோருக்குப் பென்ஷன். வேலையில் காயம்பட்டோருக்கு நஷ்டஈடு. வைத்தியச் செலவுக்கு இன்ஷூரன்ஸ். இவற்றுக்குச் சம்மதம் இருந்தால்தான் பதவி ஏற்பேன் என்றார். ரூஸ்வெல்ட் சம்மதித்தார்.

அவர் மந்திரியாக இருந்தது 12 ஆண்டுகள். பட்டியலில் வைத்திய இன்ஷூரன்ஸ் ஒன்றுதான் கைகூடவில்லை. மற்றவை ஏதோ ஓர் அளவில் நிறைவேறின.

கறுப்பு உடை, மூன்று முனைத் தொப்பி. இதுதான் அவருடைய வழக்கமான தோற்றம். இளம் பெண்ணாகத் தோன்றினால் ஆண்கள் அலட்சியம் செய்வார்கள். அவரவர் தாயை நினைவூட்டினால் மரியாதையோடு கேட்பார்கள். இதை நியூயார்க் சட்டசபையிலேயே அவர் கவனித்து வைத்திருந்தார்.

முதல் பென்ஷன் ஒரு பெண்ணுக்கு

1935-ம் ஆண்டு ஆகஸ்டு 14-ந் தேதி சமூகப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அதைத் தயாரித்த குழுவின் தலைவி பிரான்சஸ்தான். முதியோருக்குப் பென்ஷன், வேலை இழந்தோருக்கு உதவி, தகப்பன் இல்லாத குழந்தைகளை வளர்க்கும் வீடுகளுக்குப் பணம், தாய்-சேய் நலத்துக்கு நிதி எல்லாம் அதில் இருந்தன. 1939-ம் ஆண்டு திருத்தத்தில் விதவைகளுக்கும் இடம் கிடைத்தது.

முதல் மாதாந்தரப் பென்ஷன் செக்கைப் பெற்றவர் ஒரு பெண். வெர்மான்ட் மாநிலத்தைச் சேர்ந்த ஐடா மே புல்லர். வக்கீல் ஆபீசில் வேலை பார்த்தவர். 1940-ம் ஆண்டு ஜனவரி 31-ந் தேதியிட்ட அந்தச் செக்கில் இருந்த தொகை 22 டாலர் 54 சென்ட். அவர் நூறு வயது வரை வாழ்ந்து, கடைசி வரையில் பென்ஷன் பெற்றார்.

ஐந்து டாலர் உடையின் விலை

மந்திரி ஆவதற்குச் சற்று முன்பு பிரான்சஸ் ஒரு கட்டுரை எழுதினார். கடையில் ஐந்து டாலருக்கு மலிவாகக் கிடைக்கும் உடையைப் பற்றியது அது. உடை மலிவாக இருப்பது எப்படி? தைத்த பெண்ணின் கூலியைக் குறைத்ததால்தான்.

நியாயமான கூலி கொடுக்க விரும்பும் முதலாளியும் உண்டு. ஆனால் பக்கத்துக் கடைக்காரன் பாதிக் கூலி கொடுத்துப் பாதி விலைக்கு விற்றால், நல்லவன் என்ன செய்வான்? அவனும் கூலியைக் குறைப்பான். அல்லது கடையை மூடுவான். ஆகவே எல்லோருக்கும் பொதுவாக ஒரு சட்டம் வேண்டும் என்றார் பிரான்சஸ்.

இதற்குத் தடையாக நின்றது சுப்ரீம் கோர்ட்டு. பெண்களுக்குக் குறைந்தபட்சக் கூலி நிர்ணயித்த சட்டத்தை 1923-ம் ஆண்டு அது தள்ளிவிட்டது. 1936-ம் ஆண்டு நியூயார்க் சட்டத்தையும் தள்ளிவிட்டது. முதலாளியும் தொழிலாளியும் பேசிக்கொள்ளும் கூலியில் சர்க்கார் தலையிடக் கூடாதாம்! பசியோடு நிற்பவள் எப்படிப் பேரம் பேசுவாள்?

கடைசியில் வழியைத் திறந்தது ஓர் ஓட்டல் வேலைக்காரியின் வழக்கு. வாஷிங்டன் மாநிலத்தில் ஓட்டல் அறைகளைச் சுத்தம் செய்தவர் எல்சி பாரிஷ். மாநிலச் சட்டப்படி 48 மணி நேர வாரத்துக்கு அவருக்குச் சேரவேண்டியது 14 டாலர் 50 சென்ட். அதைவிடக் குறைவாகவே கிடைத்துவந்தது. பாக்கி 216 டாலர் 19 சென்ட் கேட்டு அவர் வழக்குப் போட்டார். 1937-ம் ஆண்டு மார்ச் 29-ந் தேதி சுப்ரீம் கோர்ட்டு அவர் பக்கம் தீர்ப்பளித்தது. ஐந்து நீதிபதிகள் ஆதரவு, நால்வர் எதிர்ப்பு.

பிரான்சஸ் ஒரு கூலி மசோதாவை முன்பே எழுதி, மேஜை டிராயரில் பூட்டி வைத்திருந்தார். இப்போது அது வெளியே வந்தது. பாராளுமன்றத்தில் பல முறை வெட்டுப்பட்டு, 1938-ம் ஆண்டு ஜூன் 25-ந் தேதி சட்டம் ஆயிற்று.

மணிக்கு 25 சென்டுக்குக் குறையாத கூலி. அதாவது கால் டாலர். குறிப்பிட்ட நேரத்துக்கு மேல் வேலை வாங்கினால் ஒன்றரை மடங்கு கூலி. 16 வயதுக்குக் கீழ்ப்பட்ட குழந்தைகளைத் தொழிற்சாலையில் வைக்கத் தடை.

இதில் முக்கியமான ஒன்றைக் கவனிக்கவேண்டும். சில ஆண்டுகளுக்கு முன்பு வந்த தொழில் விதிகள் பலவற்றில், ஒரே வேலைக்குப் பெண்ணுக்குக் குறைந்த கூலி என்று எழுதியிருந்தார்கள். பிரான்சஸ் அதை எதிர்த்தார். 1938-ம் ஆண்டுச் சட்டத்தில் அந்த வேற்றுமை இல்லை. குறைந்தபட்சக் கூலி ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒன்றே.

விடுபட்டவர்கள்

ஆனால் வெற்றி முழு வெற்றி அல்ல. அந்தக் கூலிச் சட்டம் முதலில் நாட்டின் தொழிலாளிகளில் ஐந்தில் ஒரு பங்கினருக்குத்தான் பொருந்தியது.

வீட்டு வேலைக்காரிகளும் வயல் வேலை செய்பவர்களும் வெளியே நிறுத்தப்பட்டார்கள். அவர்களில் கறுப்பினப் பெண்கள் மிகப் பலர். பென்ஷன் சட்டத்திலும் இதே கதைதான். எல்லாத் தொழிலாளரையும் சேர்க்கவேண்டும் என்றே பிரான்சசின் குழு சொல்லியிருந்தது. பாராளுமன்றம் இந்த இரு வகையினரையும் நீக்கிவிட்டது.

சட்டம் இருந்த இடத்தில் கூலி உயர்ந்தது. சட்டம் இல்லாத சமையலறையிலும் வயலிலும் பழைய கூலியே நீடித்தது. பென்ஷன் 1950-ம் ஆண்டுக்குப் பிறகே அவர்களை எட்டத் தொடங்கியது. வீட்டு வேலை செய்பவர்களுக்குக் குறைந்தபட்சக் கூலி 1974-ம் ஆண்டில்தான் வந்தது. அதற்குள் ஒரு தலைமுறைப் பெண்கள் உழைத்து ஓய்ந்துவிட்டார்கள்.

பிரான்சசிடமும் குறை உண்டு. வசதியான கணவர் உள்ள பெண்கள் கைச் செலவுக்காக வேலைக்கு வந்து, ஏழைப் பெண்களின் இடத்தைப் பறிக்கக் கூடாது என்று 1930-ம் ஆண்டில் கடுமையாகப் பேசினார். வேலை பெறும் உரிமை கணவரின் சம்பளத்தைப் பொறுத்தது அல்ல என்று இன்று நாம் அறிவோம்.

எதிரிகளுக்கும் பஞ்சமில்லை. 1939-ம் ஆண்டு அவரைப் பதவியிலிருந்து நீக்கப் பாராளுமன்றத்தில் தீர்மானம் வந்தது. வெளிநாட்டிலிருந்து வந்த ஒரு தொழிற்சங்கத் தலைவரை நாடு கடத்தவில்லை என்பது குற்றச்சாட்டு. விசாரணையில் அது நிற்கவில்லை.

கடைசி வரை உழைப்பு

1945-ம் ஆண்டு ரூஸ்வெல்ட் காலமானார். பிரான்சசும் மந்திரி பதவியை விட்டார். ஆனால் ஓய்வு எடுக்கவில்லை. 1953-ம் ஆண்டு வரை வேறு அரசாங்கப் பதவியில் இருந்தார். பிறகு கார்னல் சர்வகலாசாலையில் பாடம் சொல்லிக் கொடுத்தார். 80 வயதுக்கு மேலும் மாணவர் விடுதி ஒன்றிலேயே தங்கி, இளைஞர்களோடு உணவருந்தி வாழ்ந்தார்.

1965-ம் ஆண்டு மே மாதம் 14-ந் தேதி, தமது 85-வது வயதில் கண்ணை மூடினார். அதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு, 1963-ல், ஒரே வேலைக்கு ஆணுக்கும் பெண்ணுக்கும் சமக் கூலி தரவேண்டும் என்று அமெரிக்காவில் சட்டம் வந்திருந்தது. அதைக் கண்ணால் கண்டபின்தான் அவர் மறைந்தார்.

1980-ம் ஆண்டு, வாஷிங்டன் நகரில் உள்ள தொழில் இலாகாக் கட்டிடத்துக்கு அவர் பெயரைச் சூட்டினார்கள். 2024-ம் ஆண்டு டிசம்பரில், மெய்ன் மாநிலத்தில் உள்ள அவருடைய குடும்பப் பண்ணை தேசிய நினைவிடம் ஆயிற்று.

கட்டிடத்தைவிடப் பெரிய நினைவுச் சின்னம் ஒன்று உண்டு. வாரக் கடைசியில் ஒரு பெண் தன் சம்பளத்தை எண்ணிப் பார்க்கிறாள். குறைந்தால், சட்டத்தைக் காட்டிக் கேட்கிறாள். யாரிடமும் கை ஏந்த வேண்டியதில்லை. அந்தத் தைரியம்தான் பிரான்சஸ் பெர்கின்ஸ் விட்டுச் சென்ற சொத்து.

எந்த நாட்டில் சட்டம் எழுதினாலும், அதில் யார் பெயர் விடுபட்டது என்று தேடிப் பார்க்கவேண்டும். விடுபட்டவள் வீட்டில்தான் வறுமை தங்கிவிடும்.